ஒரு நாள் வந்து போகிறவர்கள், வருடக்கணக்கில் இருப்பவர்கள்: நம் நேரம் யாருக்கு?

பழைய ஏடு | இழையைத் தொடங்கியவர்

வணக்கம். கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். இங்கே கொட்டிவிடுகிறேன்.

தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் 11 வருடமாக இருக்கிறேன். அதில் 7 வருடம் நிர்வாகி. போன மாதம் எங்கள் தளத்தில் ஒரு மாதக் கட்டுரைப் போட்டி முடிந்தது. புதிதாக 80 பேருக்கு மேல் கணக்குத் தொடங்கினார்கள். 600 கட்டுரை வந்தது. முடிவு அறிவித்த மறுநாளிலிருந்து அந்த 80 பேரில் உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் 4 பேர்.

ஆட்கள் போய்விட்டார்கள், கட்டுரைகள் கிடக்கின்றன. இயந்திர மொழிபெயர்ப்பை வெட்டி ஒட்டியவை, சான்றே இல்லாதவை, ஒரே ஆளைப் பற்றி இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு கட்டுரை. நேற்று இரவு ஒன்றரை மணி வரை உட்கார்ந்து 37 கட்டுரை பார்த்து முடித்தேன். ஒன்றில் ஓர் ஆற்றின் "வாய்" எங்கே இருக்கிறது என்று ஒரு பத்தி முழுக்க விளக்கம். எழுதியவருக்கு முகத்துவாரம் என்ற சொல் தெரியாமல் இருக்காது. ஒட்டியதை ஒருமுறைகூட வாசித்துப் பார்க்கவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

புதியவர்களை இழுக்கப் போடும் உழைப்பை, இருப்பவர்கள் களைத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதில் போட்டால் என்ன? போட்டி, பயிலரங்கு எல்லாவற்றையும் ஒரு வருடம் நிறுத்திவைக்கலாம் என்று எங்கள் பொதுப் பக்கத்தில் முன்மொழியப் போகிறேன். மற்ற தளங்களில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முன்மொழிவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.


கருவிப்பெட்டி

வழிமொழிகிறேன் அண்ணா. நான் நிரலாக்கக் கேள்வி பதில் பக்கம் 9 வருடமாக இருக்கிறேன். "அவசரம், நாளைக்கு ஒப்படைக்கணும்" என்று கேள்வி வரும். நாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் எழுதுவோம். வேலை செய்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை வராது. அலுவலகத்தில் இருக்கிறேன், விரிவாக அப்புறம் எழுதுகிறேன்.


வரைபடக்காரன்

நீங்கள் சொல்கிற "வந்து போகிற" கூட்டத்தில் நானும் ஒருவன். என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று தன்னார்வலர்கள் வரையும் இணைய வரைபடம் ஒன்று இருப்பதே அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் பாதைகளையும் வரைய ஆள் தேவை என்று யாரோ பகிர்ந்திருந்தார்கள். 9 நாள் வரைந்தேன். அதற்குப் பிறகு ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

அந்த 9 நாளும் எப்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது என்று பாருங்கள். பாதிக்கப்பட்ட பகுதி முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கட்டத்தை எடுத்தால் அது என் பெயரில் பூட்டிக்கொள்ளும். வேறு யாரும் அதே இடத்தை வரைந்து வேலையை வீணாக்க முடியாது. முடித்துவிட்டு "முடிந்தது" என்று குறித்தால் அனுபவமுள்ள இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார். நான் செய்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்தவர் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. "படம் கொஞ்சம் சாய்வாக எடுத்தது. அதனால் கூரை ஒரு பக்கம் தள்ளித் தெரிகிறது. கூரையை வரைந்தது சரி, அந்த வடிவத்தை அப்படியே இழுத்துச் சுவர் தரையைத் தொடும் இடத்தில் வையுங்கள். பாதைகள் அருமையாக வந்திருக்கின்றன." மூன்று வரி. அடுத்த 40 கட்டத்தில் அந்தத் தவறை நான் செய்யவில்லை.

இந்த முறைக்கு வித்திட்டது 2010 ஜனவரி 12 ஹெய்ட்டி நிலநடுக்கம். தலைநகரத்துக்கே விரிவான இணைய வரைபடம் இல்லாத நிலையில், உலகம் முழுக்க இருந்து நூற்றுக்கணக்கான பேர் சில வாரத்தில் வரைந்து முடித்தார்கள். மீட்புக் குழுக்கள் கையில் வைத்திருந்தது அந்த வரைபடம்தான். பெரும்பாலானோர் அதோடு போய்விட்டார்கள், என்னைப் போல.

போனவன் என்று என்னைத் தோல்விக் கணக்கில் எழுதிவிடாதீர்கள் ஐயா. கொடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் போனேன்.


பழைய ஏடு

தம்பி, உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் வீடு வரைவது ஒரே மாதிரியான வேலை, கட்டம் போட்டுப் பிரிக்கலாம். ஒரு கட்டுரையை எப்படிக் கட்டம் போடுவது? அதோடு, உங்கள் 40 கட்டத்தையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் அதற்கு முன்னும் இருந்தார், பின்னும் இருந்தார். நான் பேசுவது அவரைப் பற்றி.


எண்ணும் எழுத்தும்

நல்ல இழை. இந்த வாக்குவாதம் கிட்டத்தட்ட விக்கிப்பீடியாவின் வயது கொண்டது, அதனால் பழைய கணக்கைக் கொஞ்சம் எடுத்துவைக்கிறேன்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் திருத்தங்களில் பாதிக்கு மேல் 0.7 சதவீதப் பயனர்களுடையவை, அதாவது 524 பேருடையவை என்று அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் அந்தக் காலத்தில் சொல்லிவந்தார். ஒரு சின்ன வட்டம்தான் எல்லாவற்றையும் செய்கிறது என்பது அவர் முடிவு. 2006இல் நிரலாளர் ஆரோன் சுவார்ட்ஸ் இதை வேறு விதமாக எண்ணிப் பார்த்தார். எத்தனை முறை சேமித்தார்கள் என்று எண்ணாமல், ஒவ்வொருவர் எழுதியதில் எத்தனை எழுத்து கடைசிவரை கட்டுரையில் நின்றது என்று எண்ணினார். நடிகர் ஆலன் ஆல்டா பற்றிய கட்டுரையை எடுத்துக்கொண்டார். படம் தலைகீழானது. சரக்கைக் கொண்டுவந்து கொட்டியவர்கள் பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொகுத்தவர்கள், பலர் கணக்கே இல்லாதவர்கள். அந்தச் சின்ன வட்டம் எழுத்துப்பிழை, பகுப்பு, வடிவம் என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தது.

இதோடு நிறுத்தினால் பழைய ஏடு ஐயாவுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். சுவார்ட்ஸ் பார்த்தது சில கட்டுரைகளை மட்டும். மறுவருடம், 2007இல், மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாசகர் கண்ணில் பட்ட சொற்களை எண்ணினார்கள். ஒரு சொல்லை எத்தனை பேர் வாசித்தார்களோ அத்தனை மதிப்பு. அந்தக் கணக்கில் மதிப்பில் கிட்டத்தட்ட பாதி, தொகுத்தவர்களில் ஆயிரத்தில் ஒருவரிடமிருந்து வந்தது.

எதை எண்ணுகிறோமோ அதற்கேற்ற விடை. நான் ஐயாவிடம் கேட்பது, அந்த 80 பேரில் 4 பேர்தான் மிச்சம் என்று எண்ணினீர்களே, 600 கட்டுரையில் உங்கள் கை படாமலே நிற்கக்கூடியவை எத்தனை என்று எண்ணினீர்களா?


ஓரத்து இருக்கை

மேலே சொன்ன அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2009இல் இன்னோர் ஆய்வு வந்தது. பெரிய பங்களிப்பாளர்கள் படிப்படியாக வளர்ந்து அப்படி ஆகவில்லை, முதல் நாளிலேயே மற்றவர்களைவிட அதிகமாக, தீவிரமாகத்தான் தொகுத்திருக்கிறார்கள் என்று அதில் காட்டினார்கள். பயிற்சி கொடுத்து எல்லோரையும் நீண்ட காலப் பங்களிப்பாளராக மாற்றிவிடலாம் என்று நினைப்பது நமக்கும் சுமை, அவர்களுக்கும் சுமை. அந்த 4 பேர் எப்படியும் இருந்திருப்பார்கள். மற்ற 76 பேரிடம் எதைக் கேட்டோம் என்பதுதான் பேச வேண்டியது. 30 நாளில் 600 கட்டுரை வேண்டும் என்று நாம்தானே கேட்டோம்? எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் எண்ணிக்கைதான் வரும்.


தீப்பொறி

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா என்று தயக்கம். என் கதை சின்னது.

என் அப்பா 31 வருடம் வெல்டிங் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு போனில் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு கலைக்களஞ்சியத் தளத்தில் மின்வில் வெல்டிங் பற்றிய பக்கத்தைக் காட்டி "இது தப்பும்மா" என்றார். மின்முனையை மைனஸில் இணைத்தால் உருகல் ஆழமாக இறங்கும் என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தது. டங்ஸ்டன் வைத்துச் செய்யும் டிக் வெல்டிங்கில் அது சரி என்றார். ஆனால் அந்தப் பக்கமே ராடு வெல்டிங் பற்றியது, அதாவது உருகும் கம்பியை வைத்து ஒட்டுவது. அதில் ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பிளஸ்ஸிலும் தகட்டோடு சேரும் எர்த் மைனஸிலும் இருந்தால்தான் ஆழம் கிடைக்கும், மாற்றிப் போட்டால் ராடு வேகமாக உருகி மேலாக நிற்கும். "இதைப் படிச்சிட்டு ஒரு பையன் கனமான தகட்டை ஒட்டினா மேல பார்க்க நல்லா இருக்கும், உள்ள பிடிச்சிருக்காது" என்று அவர் சொன்னபோது குரலில் பதற்றம் இருந்தது.

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மூன்று வாக்கியம். ஒரு மணி நேரம் ஆனது, ஒவ்வொரு சொல்லையும் திரும்ப வாசிக்கச் சொன்னார். சேமித்து 4 நிமிடத்தில் யாரோ அதை நீக்கிப் பழையபடியே மீளமைத்துவிட்டார்கள். காரணம் "சான்றில்லாத தொகுப்பு". என் பேச்சுப் பக்கத்தில் ஆயத்த எச்சரிக்கை ஒன்று. அதன் கீழே எங்கே சான்று தேடுவது என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

அப்பா ஒரு வாரம் வரைக்கும் "சரி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார். நாங்கள் அங்கே நிரந்தரமாக இருக்க வரவில்லை. அந்த மூன்று வாக்கியத்தைக் கொடுத்துவிட்டுப் போக வந்தோம்.


வரைபடக்காரன்

இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை அக்கா. எனக்குக் கூரையைப் பற்றி மூன்று வரி எழுதிய ஆள் கிடைத்தார். உங்களுக்குக் கிடைக்கவில்லை.


பழைய ஏடு

சகோதரி, அது எந்தப் பக்கம் என்று தனிமடலில் அனுப்புங்கள். எங்கள் தளமாக இருந்தாலும் வேறாக இருந்தாலும் பார்க்கிறேன்.

4 நிமிடத்தில் மீளமைப்பது எப்படி நடக்கிறது என்று சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். அண்மைய மாற்றங்கள் என்று ஒரு பட்டியல் ஓடும். கணக்கில்லாதவர், புதுக்கணக்கு செய்தவை தனி நிறத்தில் தெரியும். ஒரு மாலையில் 150 மாற்றம் பார்க்க வேண்டியிருக்கும். கெட்ட வார்த்தை எழுதியவர், தன் பெயரைச் செருகியவர், நிறுவன விளம்பரம் போட்டவர் எல்லாம் அதில்தான் வருவார்கள். ஒரு சொடுக்கில் மீளமைக்கக் கருவி இருக்கிறது, எச்சரிக்கை தானாகவே போய் உட்காரும். சான்று இல்லை, ஏற்கெனவே இருந்ததற்கு நேர்மாறாக மாற்றியிருக்கிறார் என்றால் விஷமம் என்று கை தானாக நகர்ந்துவிடும். ஹோல்டர், எர்த் என்ற சொற்களைக் கண்டால் இது வேலை தெரிந்தவர் பேச்சு என்று நின்று பார்த்திருக்க வேண்டும். 120ஆவது மாற்றத்தில் நான் நின்று பார்த்திருப்பேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை.


எண்ணும் எழுத்தும்

ஐயா சொன்னது ஒருவர் பழக்கம் மட்டும் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் செயலில் இருந்த தொகுப்பாளர் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டு அப்புறம் வருடக்கணக்கில் இறங்கியது. 2013இல் ஆரோன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வு செய்தவர்களும் காரணத்தைத் தேடினார்கள். புதியவர்களின் தரம் குறையவில்லை. நல்ல எண்ணத்தோடு வந்தவர்களின் முதல் தொகுப்பு மீளமைக்கப்படும் வாய்ப்புதான் ஏறியிருந்தது. விஷமத்தைத் தடுக்க வந்த தானியங்கிகளும் ஒரு சொடுக்குக் கருவிகளும் நல்லவர்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போயின. முதல் தொகுப்பு அப்படிப் போனவர்கள் திரும்பி வருவது குறைந்தது.

கதவைச் சாத்திப் பார்த்த கதையும் இருக்கிறது. விக்கிப்பீடியாவுக்கு முன்னால் 2000இல் நுபீடியா தொடங்கினார்கள். துறை வல்லுநர்கள், 7 படிச் சரிபார்ப்பு. 2003இல் மூடும்போது முடிந்த கட்டுரைகள் சில டஜன்கூட இல்லை. பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று 2001இல் திறந்துவிட்டது என்ன ஆனது என்று நமக்குத் தெரியும்.


கருவிப்பெட்டி

சொன்னபடி வந்துவிட்டேன். தீப்பொறி எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவை அப்படியே விட மனம் வரவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து வலியையும் சொல்லியாக வேண்டும்.

நான் இருந்த தளத்தில் ஒரே கேள்வி பத்து வடிவத்தில் வரும். பழைய பதிலைத் தேடி எடுத்து, இது இங்கே இருக்கிறது என்று இணைத்து மூடுவோம். கேட்டவருக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும், எனக்கு அன்றைக்கு அது 20ஆவது. நிரலாக்கக் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் நிறுவனமே 2018இல் தங்கள் தளம் புதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும், இணக்கமாக இல்லை என்று வெளிப்படையாக எழுதியது. அங்கே வருடக்கணக்கில் உழைத்த பலருக்கு அது தங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போல இருந்தது. இரண்டு பேர் மனமும் எனக்குப் புரிகிறது.

எங்கள் தளத்தில் பதிலில்லாத கேள்விகளைத் தினமும் திரட்டிப் பட்டியலாகப் போடும் ஒரு சிறு நிரலை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது 7 மாதம் எட்டிப் பார்க்கவில்லை. பட்டியல் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. கடவுச்சொல் என்னிடம், எப்படி ஓட்டுவது என்பது என் தலைக்குள். என்னவாயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, பட்டியல் ஏன் வரவில்லை என்று 11 பேர் கேட்டிருந்தார்கள். திரும்பி வந்து அந்த 11 செய்தியையும் வாசித்தபோது அழுதுவிட்டேன்.

நீண்ட காலம் இருக்கிறவரும் ஒருநாள் போவார் அண்ணா. போட்டியை நிறுத்துவதால் அது நிற்காது. இருக்கும்போது அவரை ஒரு ஆளாகப் பார்க்க வேண்டும், அவர் தலைக்குள் இருப்பதை எழுதி வாங்கி வைக்க வேண்டும். இப்போது அந்த நிரலை மூன்று பேர் ஓட்டுகிறோம்.


விண்மீன் வாசகி

கட்டுரையைக் கட்டம் போட முடியாது என்று பழைய ஏடு ஐயா சொன்னதற்கு மட்டும் ஒரு பதில்.

வானியல் படங்களைப் பொதுமக்கள் வகைப்படுத்தும் கேலக்ஸி ஸூ என்ற இணையத் திட்டம் 2007 ஜூலையில் தொடங்கியது. விண்மீன் மண்டலத்தின் படத்தைக் காட்டி, சுருள் வடிவமா நீள்வட்டமா என்று கேட்பார்கள். ஒரே படத்தைப் பலருக்குக் காட்டுவதால் ஒருவர் தவறு மற்றவர்களால் அமுங்கிவிடும். அதனால் ஒரே ஒரு படம் பார்த்துவிட்டுப் போகிறவரும் வீண் இல்லை. முதல் வருடத்தில் 5 கோடி வகைப்படுத்தல் வந்தது.

அதே இடத்தில் இன்னொன்றும் நடந்தது. படத்தில் சின்னதாக, பச்சையாக ஏதோ இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் கலையாமல் விவாதப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சேகரித்து, எது சேரும் எது சேராது என்று தங்களுக்குள் வாதாடினார்கள். பச்சைப் பட்டாணி என்று அவர்களே பெயர் வைத்தார்கள். 2009இல் அது புதுவகை விண்மீன் மண்டலங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஒரு சொடுக்குக்காரர்களின் கூட்டத்திலிருந்துதான் அந்தக் குழுவும் வந்தது, யாரும் முன்கூட்டியே பிரித்து வைக்கவில்லை.

கட்டுரையிலும் கட்டம் உண்டு ஐயா. "இந்த வாக்கியத்துக்குச் சான்று தேவை", "இந்தப் படத்துக்கு விளக்கம் எழுதுங்கள்", "உங்கள் தொழிலைப் பற்றிய பக்கத்தை வாசித்துத் தப்பு இருந்தால் சொல்லுங்கள், சான்றை நாங்கள் தேடுகிறோம்". கடைசியாகச் சொன்னது இருந்திருந்தால் தீப்பொறியின் அப்பாவுக்கு அந்த ஒரு வாரம் காத்திருக்க வேண்டி வந்திருக்காது.


பழைய ஏடு

10 நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், அந்த 600 கட்டுரையில் மூழ்கிக் கிடந்தேன்.

எண்ணச் சொன்னவருக்கு: எண்ணினேன். 600இல் 214 கட்டுரையில் நான் தொட வேண்டியது எதுவும் இல்லை. அதில் ஒன்று, ஒரு செவிலியர் எழுதியது, காயத்துக்குக் கட்டுப் போடும் முறை பற்றி. 11 வருடத்தில் என்னால் அப்படி ஒரு பக்கம் எழுத முடிந்ததில்லை. அவரும் திரும்பி வரவில்லை. போகட்டும், எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

போட்டியை நிறுத்தும் முன்மொழிவைக் கைவிட்டுவிட்டேன். எண்ணிக்கைக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன், ஒருவருக்கு 5 கட்டுரைக்கு மேல் கணக்கில் சேராது. சரிபார்ப்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்கேற்ற அளவுக்குத்தான் போட்டி. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வருகிறவரை வரவேற்க ஆள் இல்லாமல் அழைப்பது அவருக்கும் மரியாதை இல்லை. கருவிப்பெட்டி சொன்னதைப் படித்துவிட்டு, 4 மாதமாகக் காணாமல் போயிருந்த எங்கள் நிர்வாகி ஒருவருக்கு வேலை எதுவும் கேட்காமல் ஒரு மடல் எழுதினேன். மறுநாளே போனில் கூப்பிட்டார். ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

சகோதரி தீப்பொறி, அந்தப் பக்கம் எங்கள் தளத்தில் இருப்பதுதான். மீளமைத்தவர் நான் இல்லை, ஆனால் என் கண்ணிலும் பட்டிருக்க வேண்டியது. வெல்டிங் பாடநூல் ஒன்றை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். உங்கள் அப்பா சொன்னது அப்படியே சரி. பழைய வரலாற்றிலிருந்து அந்த மூன்று வாக்கியத்தையும் மீட்டு, சான்று சேர்த்து, மாற்றக் குறிப்பில் யார் எழுதியது என்றும் குறித்திருக்கிறேன். அந்த ஆயத்த எச்சரிக்கையை உங்கள் பேச்சுப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, இரண்டு வருடம் முன்னால் எழுதியிருக்க வேண்டிய பதிலை எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் காட்டுங்கள்.


தீப்பொறி

காட்டினேன் ஐயா. கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி இரண்டு தரம் வாசித்தார். "ஆமா, இப்ப சரி" என்றார்.

அப்புறம் கீழே போய் வாசித்துக்கொண்டே இருந்தார். ராடுகளைப் பற்றிய பகுதியில் 7018 என்ற வகை ராடை ஈரம் படாமல் வைக்க வேண்டும், பெட்டியைப் பிரித்த பிறகு அதற்கான அடுப்பில் சூடாகவே வைத்திருக்க வேண்டும் என்பது விட்டுப்போயிருக்கிறதாம். ஈரம் ஏறினால் ஒட்டிய இடம் பிறகு விரிசல் விடும் என்கிறார். தாளில் எழுதியே கொடுத்துவிட்டார், 4 வரி. நீங்கள் எடுத்த அந்தப் பாடநூலில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?